மெல்ல ஏறுகிறவர்கள்

மலைநடைக் குழு ஒன்று தேர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதன் முதல் இருபது நிமிடத்தைப் பார்த்தால் போதும். தேராத குழு காரை விட்டு இறங்கியதும் பாய்ந்து கிளம்பும். முன்னால் நாலு பேர் விறுவிறுவென்று போவார்கள். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டும். அரை மணியில் வரிசை அரை கிலோமீட்டருக்கு நீண்டிருக்கும். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேரும்போது, முன்னால் நின்றவர்கள் இளைப்பாறி முடித்து அடுத்த ஏற்றத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது கிடைக்காது.

தேர்ந்த குழு உடம்பு கொஞ்சம் குளிரும்போதே நடக்கத் தொடங்கும். முதல் சரிவில் அதன் நடை பார்ப்பவருக்குச் சலிப்புத் தரும் அளவுக்கு மந்தமாக இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு முறை நிற்பார்கள். சூடேறிய உடம்பிலிருந்து ஓர் அடுக்குச் சட்டை கழன்று பைக்குள் போகும், பூட்ஸ் கயிறுகள் மறுபடி இறுக்கப்படும். அதன் பிறகு ஒரு மணி நேரம் நிற்பதே இல்லை. பேச்சு அறுபடாமல் ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்பது மலைநடைக்காரர்களின் பழைய கணக்கு. வாக்கியத்தின் நடுவே மூச்சு முட்டினால் முன்னால் போகிறவர் அதைக் காதால் உணர்ந்து நடையைத் தளர்த்துவார். திரும்பிப் பார்க்கவும் மாட்டார், யாரையும் பெயர் சொல்லிக் கேட்கவும் மாட்டார். இந்த நாசூக்குக்காகவே அந்த வரிசையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கயிறும் ஆணியும் இல்லாமல் காலால் மட்டுமே ஏறி இறங்குவதைக் கலை என்று சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. தயங்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் இந்தக் கலைக்கு நூற்றாண்டு கடந்த மரபு இருக்கிறது. சங்கங்கள், விதிகள், பட்டியல்கள், வழக்காறுகள் எல்லாம் அதைச் சுற்றி வளர்ந்திருக்கின்றன. அங்குள்ள மலைநடைக் கிளப் ஒன்று கோடை ஞாயிறு ஒன்றில் ஷிஹாலியன் மலைக்குப் போகும் நாளைக் கூர்ந்து பார்த்தால் அந்த மரபின் நுட்பங்கள் ஏறக்குறைய எல்லாமே கண்ணில் படும்.

ஷிஹாலியன் பெர்த்ஷயர் பகுதியில் இருக்கிறது. உயரம் 1,083 மீட்டர். நம் ஆனைமுடியில் பாதிகூட இல்லை. ஆனால் அது நிற்கும் அட்சரேகையில் அந்த உயரத்துக்கே மரம் இல்லை, மறைவு இல்லை. கோடையிலும் கம்பளி தேவைப்படும். பக்கத்து மலைகளோடு ஒட்டாமல் தனித்து, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஒற்றை மலைமுதுகு அது. மேற்கே ரானக் ஏரிப் பக்கமிருந்து பார்த்தால் அந்த நீளம் தெரியாது. கூம்பு போல் நிமிர்ந்து தோன்றும். கிளப்புகள் ஏறுவது கிழக்கு முனையிலிருந்து. பிரேஸ் ஆஃப் ஃபாஸ் என்ற இடத்தில் கார்களை விட்டுவிட்டு ஏறி இறங்கினால் மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். ஏற்றம் 730 மீட்டர் வரும்.

இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? இந்தக் கேள்விக்கு 1892-இல் விடை எழுதியவர் வில்லியம் நெய்ஸ்மித். ஸ்காட்டிஷ் மலையேறுநர் கழகம் 1889-இல் உருவாகக் காரணமாக இருந்தவர். ஒரே நாளில் மூன்று மலைகளைக் கடந்து வந்த அனுபவத்தைக் கழக இதழில் குறித்தபோது, போகிற போக்கில் ஒரு கணக்கையும் சேர்த்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். இன்றைய அளவில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஷிஹாலியனுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் தூரத்துக்கு இரண்டு மணி, ஏற்றத்துக்கு ஒன்றேகால் மணிக்குச் சற்றுக் குறைவு. கூட்டினால் மூன்றேகால் மணியை ஒட்டி வரும்.

இது நல்ல காலும் நல்ல தரையும் நல்ல வானமும் உள்ள ஒருவருக்கான கணக்கு. பன்னிரண்டு பேர் சேர்ந்து போகும்போது அது அப்படியே செல்லாது. சாப்பாடு, சட்டை மாற்றல், கூடவே ஷிஹாலியன் உச்சியை நெருங்கும்போது காத்திருக்கும் பாறைக் காடு. அனுபவமுள்ள தலைவர் மூன்றேகாலை ஐந்தரை என்று வைத்துக்கொள்வார். இந்த இரண்டேகால் மணி வித்தியாசத்தில்தான் அவருடைய திறமை இருக்கிறது. விதி எல்லாருக்கும் ஒன்று. அதோடு எவ்வளவு சேர்ப்பது என்பதை அன்றைக்கு வந்திருக்கும் ஆட்களின் காலைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அதை எந்த நூலும் சொல்லித் தராது.

வரிசையின் தலையில் ஒருவர், வாலில் ஒருவர். இது கிளப் நடையின் அடிப்படை இலக்கணம். வாலில் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது, தலையில் போகிறவரைத் தாண்டி யாரும் முந்தக் கூடாது. பாதை பிரியும் இடம், வேலியைத் தாண்டும் இடம், ஓடையைக் கடக்கும் இடம் ஆகிய மூன்றிலும் தலைவர் நின்று கடைசி ஆள் கண்ணில் படும்வரை காத்திருப்பார். வாலில் வருவது மட்டமான வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கக்கூடும். உண்மையில் குழுவின் அதிக அனுபவசாலிகளில் ஒருவரைத்தான் அங்கே நிறுத்துவார்கள். யார் கால் நொண்டுகிறது, யார் பேச்சைக் குறைத்துவிட்டார், யார் தண்ணீர் குடிக்கவே இல்லை என்பதெல்லாம் பின்னாலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

இப்படிச் சேர்ந்து நடக்கும் வழக்கத்துக்கு ஸ்காட்லாந்தில் தெளிவான தொடக்கம் இருக்கிறது. 1887 ஜூனில், விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி மலைக்குப் போன ஆறு பேர், ஏவன் ஏரிக்கரையில் இருக்கும் மாபெரும் உருண்டைப் பாறையான ஷெல்டர் ஸ்டோன் அருகே கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். அதுதான் அபர்தீனின் கெய்ர்ன்காம் கிளப். 1908-இல் ஜேன் இங்கிலிஸ் கிளார்க், அவருடைய மகள் மேபல், தோழி லூசி ஸ்மித் ஆகிய மூவரும் லிக்ஸ் டோல் பக்கத்தில் இன்னொரு பாறையடியில் அமர்ந்து பெண்களுக்கென ஒரு கழகத்தை நிறுவினார்கள். ஆண்களின் கழகம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அந்தப் பெண்கள் கழகம் இன்றும் இயங்குகிறது. முதல் உலகப் போரில் மகன் சார்ல்ஸை இழந்த ஜேனும் கணவரும் அவர் நினைவாக பென் நெவிஸ் மலையின் வடக்கு முகத்தடியில் ஒரு கல் குடிலைக் கட்டிக் கொடுத்தார்கள். 1929 முதல் மலைக்காரர்கள் அங்கே இரவு தங்கிவருகிறார்கள்.

ஷிஹாலியனுக்குத் திரும்புவோம். ஏற்றம் தொடங்கி அரை மணியில் ஹெதர் புதர் மண்டிய திறந்த வெளி வருகிறது. இங்கே பாதை அழகாகப் போடப்பட்டிருக்கிறது. எப்போதும் இப்படி இருக்கவில்லை. பல்லாயிரம் பூட்ஸ் மிதித்து, ஈரமான கரிமண் அரித்து, பழைய தடம் மலையின் மேல் அகன்ற வடுவாகக் கிடந்தது. 1999-இல் கிழக்குப் பகுதியை வாங்கிய ஜான் மியூர் அறக்கட்டளை வேறொரு வழியில் புதிய பாதையைச் செதுக்கி, பழைய வடுவை ஆறவிட்டது. நல்ல மலைப்பாதை போடுவது தனிக் கைத்தொழில். தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வடிந்துபோகக் கல்வாய்க்கால் வைக்க வேண்டும். படிக்கல் உயரமாகிவிட்டால் மக்கள் ஓரமாக நடந்து புல்லை அழிப்பார்கள். ஆகவே படிக்கல்லின் உயரம் மனிதக் காலுக்கு இயல்பாக இருக்க வேண்டும். ஷிஹாலியன் பாதையில் கால் தானாகவே கல்லைத் தேடிப் போகிறது என்றால், செய்தவர்களின் கைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

கிளப் நடையின் உயிர் வரைபடத்தில் இருக்கிறது. பிரிட்டனின் ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000, 1:50,000 அளவு வரைபடங்கள் மலைநடைக்காரர்களுக்கு வேதம் மாதிரி. மடித்துக் கண்ணாடித்தாள் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதில் பழுப்பு நிறத்தில் நெளியும் சமஉயரக் கோடுகளைப் பார்த்த மாத்திரத்தில் நிலம் எழுந்து நிற்க வேண்டும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு என்பது பள்ளிப் பாடம். தேர்ந்த கண் அதற்கு அப்பால் போகும். சரிவு மேலே குவிந்து கீழே விரிகிறதா, அல்லது நடுவில் புடைத்து உச்சியை மறைக்கிறதா என்று கோடுகளின் இடைவெளியே சொல்லிவிடும். உச்சி என்று நம்பி ஏறிய மேடு அதற்குப் பின்னால் இன்னொரு மேட்டைக் காட்டும்போது புதியவர்கள் சோர்ந்துபோவார்கள். வரைபடத்தை முன்பே படித்தவருக்கு அங்கே இன்னும் மூன்று மேடு உண்டு என்று தெரியும். ஷிஹாலியன் இந்த வகையில் பொல்லாத மலை. கிழக்கு முதுகில் பொய் உச்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கோடுகளின் வரலாற்றில் இதே மலைக்கு ஒரு பெரிய இடம் உண்டு. 1774 கோடையில் அரசு வானியலாளர் நெவில் மாஸ்கலைன் ஷிஹாலியனுக்கு வந்தார். ராயல் கழகம் அனுப்பிய பயணம் அது. மலையின் ஈர்ப்பு ஒரு தூக்குக்குண்டை எவ்வளவு பக்கவாட்டில் இழுக்கிறது என்று அளந்தால் பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டுவிடலாம் என்பது எண்ணம். அதற்குத் தனித்து நிற்கும், சீரான வடிவுள்ள, வடக்கிலும் தெற்கிலும் செங்குத்தாக இறங்கும் மலை வேண்டும். சார்ல்ஸ் மேசன் முந்திய ஆண்டே தேடி இதைத் தேர்ந்துவைத்திருந்தார். அமெரிக்காவின் மேசன்–டிக்சன் எல்லைக்கோட்டை அளந்த அதே மேசன். வடக்குச் சரிவில் ஒரு கூடாரம், தெற்குச் சரிவில் ஒரு கூடாரம். இரண்டிலிருந்தும் விண்மீன்களை நோக்கி அளவெடுப்பு. வானம் தெளியும் இரவுக்காக மாஸ்கலைன் மாதக்கணக்கில் மழையிலும் மஞ்சிலும் காத்திருந்தார். முடிவில் தூக்குக்குண்டின் விலகல் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 11.6 விகலை என்று வந்தது. ஒரு பாகையை 3,600 கூறாக்கி அதில் பன்னிரண்டைக்கூட எட்டாத அளவு!

கணக்கை முடித்தவர் சார்ல்ஸ் ஹட்டன். மலையின் மேலும் சுற்றிலும் எடுத்த எண்ணற்ற உயர அளவுகள் அவர் மேசையில் குவிந்து கிடந்தன. மலையின் நிறையைக் கண்டுபிடிக்க அதன் உருவம் தெரிய வேண்டும்; எண்களின் காட்டில் உருவம் தெரியவில்லை. ஒரே உயரமுள்ள புள்ளிகளைப் பென்சிலால் இணைத்துப் பார்த்தார். மலை தாளில் எழுந்தது. பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல நாலரை மடங்கு என்று 1778-இல் அவர் சொன்னார். இன்றைய மதிப்பு ஐந்தரை மடங்கு. அந்தப் பென்சில் கோடுகளைப் பின்பற்றித்தான் இன்றைய மலைநடைக்காரரின் விரல் வரைபடத்தில் ஓடுகிறது. அதுவும் அதே மலையில்! கார் நிறுத்துமிடத்தில் மாஸ்கலைனுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நல்ல தலைவர் அங்கேயே வரைபடத்தை விரித்து இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் நடையைத் தொடங்குவார்.

மலை தூக்குக்குண்டை இழுக்கும் என்ற இந்த உண்மை பின்னால் நம் பக்கமும் வந்து சேர்ந்தது. 1802-இல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்து வளர்த்த இந்தியப் பெரு நில அளவை இமயத்தை நெருங்கியபோது, மலைகளின் இழுப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. மலைகளுக்கு அடியிலுள்ள பாறை எடை குறைந்தது என்ற முடிவுக்கு அறிவியலாளர்கள் வந்தது அந்தப் புதிரிலிருந்துதான்.

மாஸ்கலைன் குழுவின் கதையில் மலைநடைக்காரர்கள் விரும்பிச் சொல்லும் இன்னொரு பகுதி உண்டு. வேலை முடிந்ததும் வட்டாரத்து மக்களோடு ஒரு விருந்து நடந்தது. அந்த இரவு குழுவின் குடில் தீப்பிடித்து எரிந்தது. மாதக்கணக்கில் கூட இருந்து பிடில் வாசித்து மகிழ்வித்த டங்கன் ராபர்ட்சன் என்ற இளைஞனின் பிடிலும் அதில் போயிற்று. லண்டன் திரும்பிய மாஸ்கலைன் அவனுக்குப் புதிய பிடில் ஒன்றை அனுப்பிவைத்தார். அவன் அதன் மேல் கேலிக் மொழியில் ஒரு பாட்டுக் கட்டினான்.

பாதை முடிந்து பாறை தொடங்குகிறது. உச்சிக்கு முந்திய நீண்ட முதுகு முழுக்கச் சிதறிக் கிடக்கும் குவார்ட்சைட் கற்கள். சில மேசை அளவு, சில தலையணை அளவு, ஒன்றும் சமமாக இராது. நெய்ஸ்மித்தின் கணக்கு இங்கே நின்றுவிடுகிறது. காலைப் பார்த்து நடப்பவர் தடுமாறுவார். இரண்டு மூன்று அடி முன்னால் பார்த்து நடப்பவர் மிதந்து போவார். கண் அடுத்த கல்லைத் தேர்ந்துகொண்டிருக்கும்போதே கால் முந்திய கல்லில் இறங்க வேண்டும். முழுப் பாதத்தையும் கல்லின் மேல் வைத்து, எடையை மெதுவாக மாற்றி, கல் ஆடினால் அதை எதிர்க்காமல் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். மழை பெய்தால் பாசி படிந்த கல்லில் பூட்ஸ் வழுக்கும். அறுபது கடந்த பெண்மணி ஒருவர் இரண்டு ஊன்றுகோலோடு இந்தக் கல் வெளியில் சத்தமே இல்லாமல் போவதையும், அவருக்குப் பின்னால் உடற்பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த இளைஞர் தடதடவென்று தள்ளாடுவதையும் கிளப் நடைகளில் அடிக்கடி பார்க்கலாம். தசைக்கு அங்கே வேலை குறைவு.

பிறகு மஞ்சு வரும். ஸ்காட்லாந்தில் அது வராத நாள்தான் விலக்கு. பத்து நிமிடத்துக்கு முன் ரானக் ஏரி மேற்கே மின்னிக்கொண்டிருந்தது. இப்போது முன்னால் போகிறவரின் முதுகுப்பை மட்டும் தெரிகிறது. தலைவர் நிற்கிறார். வரிசை நெருங்கி வருகிறது. திசைகாட்டியைத் தட்டையாகப் பிடித்து, ஊசி அடங்கும்வரை காத்து, போக வேண்டிய திசையில் மஞ்சுக்குள் தெரியும் கடைசிக் கல்லைக் கண்ணால் பிடித்துக்கொண்டு அதுவரை நடக்கிறார், மறுபடி நிற்கிறார். இன்னொருவர் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு வருகிறார். இடது கால் விழும்போது மட்டும் எண்ணினால் 100 மீட்டருக்குத் தனக்கு அறுபதா எழுபதா என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். சமதரைக்கு ஓர் எண், ஏற்றத்துக்கு ஓர் எண், கல் வெளிக்கு வேறு எண்.

மஞ்சில் போகும் வித்தைகளில் மிக அழகானது வேண்டுமென்றே விலகிக் குறிவைப்பது. ஓடையும் பாதையும் சந்திக்கும் இடத்துக்கு நேராகக் குறிவைத்துப் போனால், ஓடையை எட்டியதும் அந்தச் சந்திப்பு வலப்பக்கமா இடப்பக்கமா என்று தெரியாமல் நிற்க நேரும். ஆகவே சற்று இடப்புறமாகவே குறிவைத்துப் போவார்கள். ஓடையை எட்டியதும் வலப்பக்கம் திரும்பினால் தீர்ந்தது. பிழை வரத்தான் செய்யும் என்று முன்பே ஒத்துக்கொண்டு, அந்தப் பிழை எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்கிற புத்தி இது.

இந்தத் துல்லியம் வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு பென் நெவிஸ் சான்று. பிரிட்டனின் மிக உயர்ந்த மலை, 1,345 மீட்டர். பனிமூடிய நாளில் உச்சியிலிருந்து இறங்க மலைநடைக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் இரண்டு எண்கள் உண்டு. அளவைத் தூணிலிருந்து வரைபட வடக்குக்கு 231 பாகையில் 150 மீட்டர். பிறகு 282 பாகை. வலப்பக்கம் வடக்கு முகத்தின் பள்ளம், இடப்பக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்ற மரணப் பிளவு. 150 மீட்டரை எண்ணத் தெரியாதவருக்கு அந்த எண்களால் பயன் இல்லை.

திரும்பிவிடுவதும் இந்தக் கலையின் ஒரு பகுதி, ஒருவேளை அதன் உச்சம். 1971 நவம்பரில் கெய்ர்ன்காம் பீடபூமியில் பனிப்புயலில் சிக்கிய பள்ளிக் குழு ஒன்றில் ஐந்து மாணவர்களும் ஓர் இளம் தலைவியும் உயிரிழந்தார்கள். மலைக்கு இளைஞர்களை அழைத்துப் போவோரின் பயிற்சி குறித்து பிரிட்டன் முழுவதும் கடுமையான விவாதம் அதன் பின் எழுந்தது. அதே மலைத்தொடரில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் வேகத்தில் காற்று பதிவாகியிருக்கிறது. நல்ல கிளப்புகளில் திரும்பும் நேரம் காலையிலேயே முடிவாகிவிடும். அந்த நேரம் வந்தால் உச்சி இருநூறு மீட்டரில் இருந்தாலும் திரும்ப வேண்டியதுதான். அப்படித் திரும்பிய தலைவரைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. மரியாதை கூடுகிறது.

சாப்பாட்டு நேரம். உச்சியில் உட்காருவது புதியவர்களின் ஆசை. அனுபவசாலிகள் காற்றுக்கு மறைவாகப் பத்து மீட்டர் கீழே இறங்கி உட்காருவார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, பிளாஸ்கில் தேநீர். குளிர் அதிகமென்றால் பையிலிருந்து பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணி ஒன்று வெளியே வரும். கம்பம் இல்லாத கூடாரம் அது. எட்டுப் பத்துப் பேர் வட்டமாக நின்று தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, ஓரத்தின் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். சில நிமிடங்களில் உள்ளே மூச்சின் சூடு நிரம்பிவிடும். வெளியே காற்று துணியை அறைந்துகொண்டிருக்க, உள்ளே முட்டி முட்டியோடு இடிக்க மருத்துவரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே பிஸ்கட் பொட்டலத்தில் கை விடுவார்கள். ஒரு கிளப்பில் சேர வேறு காரணம் தேவையில்லை என்று சொல்லத் தோன்றும் நேரம் இது.

பேச்சு பெரும்பாலும் மன்ரோக்களைப் பற்றி இருக்கும். சென்னையில் குதிரை மேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு. இவர் சர் ஹியூ மன்ரோ. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891-இல் பட்டியலிட்டார். இன்றைய பட்டியலில் 282 மலைகள். எல்லாவற்றையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் இலட்சியமாகக் கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முதலில் முடித்தவர் ஏ. இ. ராபர்ட்சன் என்ற பாதிரியார், 1901-இல். கடைசி உச்சியில் முதலில் கற்குவியலை முத்தமிட்டுவிட்டுப் பிறகுதான் மனைவியை முத்தமிட்டார் என்பது மலைநடைக்காரர்கள் சலிக்காமல் சொல்லும் கதை. பட்டியல் போட்ட மன்ரோ முடிக்கவே இல்லை. 1919-இல் அவர் இறந்தபோது ஸ்கை தீவின் இனாக்ஸஸிபிள் பினக்கிள் என்ற பாறைக் கத்தியும் மிச்சமிருந்தது. ஹேமிஷ் பிரவுன் 1974-இல் ஒரே பயணமாக 112 நாளில் அத்தனையையும் ஏறி முடித்தார். கிளப்புகளில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. ஒருவரின் கடைசி மன்ரோவுக்கு எல்லாரும் கூடவே ஏறுவார்கள். அதற்காகவே பலர் சுலபமான மலை ஒன்றை இறுதிக்கு என்று விட்டுவைப்பார்கள், வயதான நண்பர்களும் வர வேண்டும் என்பதற்காக.

எண்ணிக்கைப் பித்து மலையைச் சுருக்கிவிடும் என்ற கருத்தும் வலுவானது. நேன் ஷெப்பர்ட் என்ற அபர்தீன் பெண்மணி 1940-களில் கெய்ர்ன்காம் மலைகளைப் பற்றி எழுதி, 1977-இல்தான் வெளியிட்ட ‘தி லிவிங் மவுண்டன்’ என்ற சிறு நூல் உச்சியைத் தேடிப் போகாமல் மலைக்குள் போவதைப் பற்றியது. 2016 முதல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் அவர் முகம் இருக்கிறது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் அது ஷெப்பர்டின் பக்கம்தான். பட்டியல் மனிதர்களை வீட்டை விட்டுக் கிளப்புகிறது, அந்த அளவில் அதற்கு நன்றி. ஆனால் பட்டியலில் இல்லாத காட்சிகளே நடையை நடையாக்குகின்றன. கல்லோடு கல்லாக இருந்து காலடியில் திடீரென்று எழும் டார்மிகன் பறவை, குளிர்காலத்தில் ஏறக்குறைய முற்றும் வெளுத்துவிடும் அதன் இறகு, மழைக்குப் பின் கரிமண்ணின் வாசம் ஆகியவற்றை எந்த அட்டவணையில் டிக் அடிப்பது?

மஞ்சு கீழே தங்கி, கதிரவன் முதுகுக்குப் பின் தாழ்ந்திருக்கும் அபூர்வ வேளையில் மலைமுதுகில் நடப்பவர்களின் நிழல் மேகத்தின் மேல் விழும். நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தன் நிழலின் தலையைச் சுற்றி மட்டுமே வளையம். ஒருவரை ஒருவர் கேட்டுச் சரிபார்த்து வியப்பார்கள். 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் உச்சியின் வானிலை நிலையத்தில் தங்கியிருந்த சி. டி. ஆர். வில்சன் இந்த ஒளி வளையங்களைக் கண்டு, ஆய்வுக்கூடத்தில் மேகம் உண்டாக்கிப் பார்க்கத் தொடங்கினார். அது முகில் அறை என்ற கருவியாக வளர்ந்தது; மின்னூட்டம் கொண்ட துகள்களின் தடங்களைக் கண்ணுக்குக் காட்டிய அந்தக் கருவிக்காக 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனைக்கும் இந்த மலைகளில் காலாற நடக்கும் உரிமை தானாக வந்ததல்ல. வேட்டைப் பண்ணைகளின் உரிமையாளர்கள் நடப்பவர்களைத் துரத்திய காலத்தில், 1884-இல், மலைகளுக்குள் செல்லும் உரிமை கோரி நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் ஜேம்ஸ் பிரைஸ். அது நிறைவேறவில்லை. அவரைத்தான் கெய்ர்ன்காம் கிளப் தன் முதல் தலைவராக்கிக்கொண்டது. இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி நடந்த தொழிலாளர் இளைஞர்களில் ஐவர் சிறை சென்றார்கள். ஸ்காட்லாந்துக்கு முழு உரிமை 2003-இன் நிலச் சீர்திருத்தச் சட்டத்தில்தான் கிடைத்தது. பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் எந்த மலையிலும் போகலாம். அந்தப் பொறுப்பைச் சொல்லிக்கொடுக்கும் இடமும் கிளப்தான். தான் திறந்த கதவை மூடிவிட்டுப் போவது, மான் வேட்டைக் காலத்தில் முன்கூட்டி விசாரிப்பது, ஆரஞ்சுத் தோலையும் பையில் போட்டுக் கீழே கொண்டுவருவது எல்லாம் அங்கே நடந்தபடியே கற்றுக்கொள்ளப்படுகின்றன.

இறங்கும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். விபத்துகள் பல நேர்வதும் இறக்கத்தில்தான். உச்சி முடிந்துவிட்டது என்று மனம் தளரும் வேளை அது. தலைவர் நடையை மறுபடி காலையின் மந்தத்துக்குக் கொண்டுவருவார். கார்களை எட்டியதும் தலைகளை எண்ணுவார். எண் சரியாக வந்த பிறகுதான் அவர் பூட்ஸைக் கழற்றுவார்.

ஸ்காட்லாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். இந்த மலைகளுக்கு முதல் முறை தனியாகப் போகாதீர்கள். பக்கத்து ஊரில் கட்டாயம் ஒரு மலைநடைக் கிளப் இருக்கும். பெரும்பாலான கிளப்புகள் உறுப்பினராகும் முன் ஒன்றிரண்டு நடைகளுக்கு விருந்தினராக வர விடுகின்றன. மே முதல் செப்டம்பருக்குள் தொடங்குவது நல்லது. நல்ல பூட்ஸ், மழைச் சட்டை, ஒரு கம்பளி, ஒரு விசில் போதும். ஆபத்தில் உதவி கேட்க நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊத வேண்டும். வரிசையில் கடைசி ஆளுக்கு முன்னால் நடங்கள். வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு கற்றுக்கொடுப்பார்கள்.